தூக்கிய காலை இறக்காத மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்துப் பெண்ணைக் கட்ட வரும் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கியதும் நேராக வீட்டுக்குள் நுழைந்துவிட முடியாது. வாசலில் வெள்ளைத் துணி விரித்த பலகை கிடக்கும். பலகைக்கு அந்தப் பக்கம் பெண்ணின் தம்பி பன்னீர் கலந்த தண்ணீர்ச் செம்போடு நிற்பான். மாப்பிள்ளையோடு வந்த பெரியவர் அவனைப் பார்த்து, "ஆரு தம்பி நீ? என்ன குடி?" என்று கேட்பார். பையன் பதில் சொன்ன பிறகுதான் மாப்பிள்ளையின் கால் பலகையில் படும். தம்பி கால் கழுவுவான், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார், பெண்கள் குரவை இடுவார்கள். எங்கள் வாசலில் இந்தக் கேள்விக்கு ஒருவனும் தடுமாறியதில்லை. என் அக்கா, மூத்த ராத்தாவின் கலியாணத்தில் நான் சொன்ன பதில் தெருமுனைக்குக் கேட்டதென்று கல்முனையில் இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு.

நான் மீராமுகைதீன், பட்டுநாச்சி குடியின் மரைக்காயர். பள்ளிவாசலில் எங்கள் குடியின் சார்பில் கதைக்கிற பொறுப்பு எனக்கு. குடி என்கிற வம்சம் எங்களுக்குத் தாய்வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு, வாப்பாவின் குடி வராது. ஒரே குடிக்குள் கலியாணம் பேசவும் மாட்டோம். ஒரு குடியில் பிறந்தவர்கள் உடன்பிறந்தவர்கள் முறை.

என் தங்கை சபியா உம்மா கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் ஸம்றாவுக்கு இந்த ஹஜ் பெருநாள் கழிந்ததும் கலியாணம் குறித்தோம். மாப்பிள்ளை அர்ஷாத் ஒலுவில் துறைமுகத்தில் வேலை செய்கிற நல்ல பிள்ளை. குடி ஓடக்கரைக் குடி. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மாப்பிள்ளையின் மாமாவில்தான். அவர் உதுமாலெவ்வை, ஓடக்கரைக் குடியின் மரைக்காயர். பள்ளிவாசல் கூட்டங்களில் எனக்கு எதிர்வரிசையில் இருந்து, நான் வாயைத் திறந்தால் தொண்டையைச் செருமுகிற மனிதர். கலியாணம் பேசி முடிந்த அன்றே அவர் எனக்குக் கேட்கும்படி தம் ஆட்களிடம், "பொண்ணுக்குத் தம்பி இல்லியே. கால் கழுவ ஆரு வாறா? மீராமுகைதீன் மரைக்காரா?" என்றார். அவர்களிடையே சிரிப்பு எழும்பியது. நான் சிரிக்கவில்லை.

"தம்பி இருக்கான். வந்து பாருங்க" என்றேன்.

இருந்தான்தான். உம்மாவின் சகோதரி பிள்ளைகள் உடன்பிறப்புகளேதான் எங்களுக்கு. எங்கள் கடைசித் தங்கை றுகையா கொழும்பில் இருக்கிறாள். அவள் மகன் றிஸ்மிக்கு எட்டு வயது. ஸம்றாவின் தம்பி அவன்தான். ஆனால் அவன் கொழும்பில் மாடி வீட்டில் வளர்ந்த பிள்ளை. களரி விருந்தில் பாய் விரித்து, ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து கை போட்டுச் சாப்பிடுவதைக் கண்டு, "எனக்கு வேற பிளேட் இல்லையா உம்மா?" என்று போன பெருநாளில் கேட்டவன். அன்றைக்கு நான் றுகையாவிடம் கடுமையாகவே கதைத்தேன்.

"கொழும்புக்குப் போய் எல்லாத்தையும் மறந்திட்டீங்க. புள்ளைக்கு ஒண்டும் செல்லிக் குடுக்கல்ல."

"இல்ல காக்கா..." என்று அண்ணனான என்னிடம் தொடங்கினாள். நான் மேலே கேட்கவில்லை.

கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே றுகையா மகனோடு வந்திறங்கினாள். அதற்குள் சபியாவின் வீடு வீடாக இல்லை. முற்றத்தில் பந்தல் எழுந்துகொண்டிருந்தது. பின்பக்கம் தொதல் இனிப்புக் கிண்டுகிற பெண்களின் சத்தம். மதிலில் மின்குமிழ்கள் கட்டுகிறவனுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிற கூட்டம். இவற்றுக்கு நடுவில் பிள்ளைகள் ஒரு பட்டாளமாக ஓடித் திரிந்தார்கள். அந்தப் பட்டாளத்துக்குத் தலைவி சிபானா.

சிபானா என் மகன் முபாறக்கின் மகள். வயது பத்து. பள்ளி விடுமுறை விட்டால் அவள் என் வீட்டில்தான். நான் எங்கே போனாலும் முன்னால் ஓடுவாள், யார் எனக்கு என்ன முறை என்று அத்தனையும் கேட்பாள், கேட்டதை மறக்கமாட்டாள். முறைக்கு றிஸ்மி அவளுக்கு மாமா. அதைச் சொன்னபோது அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனா? இவன் எனக்கு மாமாவா? மூத்தவாப்பா, இவனுக்கு சப்பாத்து நூல் கட்டத் தெரியாது!"

"முறை முறைதான்" என்றேன்.

"சரி. டேய் மாமா, இஞ்ச வா" என்றாள்.

அவனைப் பழக்குகிற பொறுப்பை அவளிடமே விட்டேன். அதைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை. கால் கழுவும் முறையை ஒருதரம் காட்டிக்கொடுத்தேன்: வலது கால் முதலில், தண்ணீர் குதிக்காலிலிருந்து விரலுக்குப் போகவேண்டும், துணியால் ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டில் ஒருவருடைய காலும் தப்பவில்லை. பந்தல்காரன் ஏணியிலிருந்து இறங்கினால் கீழே செம்பு காத்திருக்கும். ஸம்றாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் துஷாந்தினி பாண்டிருப்பிலிருந்து புடவை பார்க்க வந்தவள், வாசலில் இரண்டு காலும் நனைந்து நின்றாள்.

"மோதிரம் போடுங்க டீச்சர்!" என்று பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"மோதிரத்துக்கு எங்க போறது? வேணுமெண்டா குரவை போட்டுக் காட்டுறன்" என்றாள் அவள்.

நாக்கைச் சுழற்றி அவள் எழுப்பிய குரவை பந்தலைத் தாண்டிப் போனது. தொதல் கிண்டிய பெண்கள் அகப்பையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சபியா உம்மா உள்ளேயிருந்தே பதில் குரவை ஒன்று எழுப்பினாள். புருஷன் போனதிலிருந்து அவள் வாயில் நான் கேட்காத சத்தம் அது. அன்று பின்னேரம் முழுக்கச் சிறுமிகள் வாயில் விரலை வைத்தும் எடுத்தும் ஆளுக்கொரு விதமாகக் குரவை பழகினார்கள். சத்தத்தில் கோழிகள் மதிலேறின.

கலியாணத்துக்கு முதல் நாள் நான் சிபானாவைக் கூப்பிட்டேன்.

"கால் கழுவுறது சரி. பதில் பாடமா?"

"பாடம், மூத்தவாப்பா. நல்ல சத்தமாச் செல்றான்."

"எங்க, செல்லச் செல்லு பாப்பம்."

"இப்ப ஏலா. நாளைக்கு வாசல்ல கேளுங்க. உங்கட மீசை நிமிர்ந்து நிக்கும்!"

மீசை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வற்புறுத்தவில்லை.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முதலில் பட்டாசு, அதன் பின்னால் றபான் மேளம் அடிக்கிறவர்கள், பிறகு பூச்சுற்றிய கார். தெரு கொள்ளாத ஆட்கள். வாசலில் இரண்டு பக்கமும் சனம் நெருக்கியது. ஒரு பக்கத்தில் எங்கள் சிறுமிகள், நடுவில் புதுப் பட்டு உடுத்திய சிபானா. அவர்களுக்குப் பின்னால் துஷாந்தினியும் பெண்களும் குரவைக்குத் தயாராக நின்றார்கள். மேல்மாடி யன்னல் திரையை விலக்கி ஸம்றா பார்ப்பது எனக்குத் தெரிந்தது. பலகைக்குப் பின்னால் றிஸ்மி. தலையில் தொப்பி, கையில் பளபளக்கும் செம்பு. முதுகை என்னைப் போலவே நிமிர்த்தி நின்றான். உண்மையில் எனக்கு அந்த நேரம் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

அர்ஷாத் காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கினார். உதுமாலெவ்வை கையை உயர்த்தி அவரை மறித்தார். றபான் சத்தம் நின்றது.

"ஆரு தம்பி நீ? என்ன குடி?"

றிஸ்மி மூச்சை இழுத்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டு, தெருமுனைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்:

"பொண்ணுட தம்பி றிஸ்மி! ஓடக்கரைக் குடி!"

 கூட்டத்தில் எங்கோ ஒருவன், "அப்ப பொண்ணும் மாப்பிள்ளையும் காக்காவும் தங்கச்சியுமா?" என்றான். சிரிப்பு வெடித்தது. தெரு முழுவதும் சிரித்தது. காருக்கு மேல் ஏறி நின்ற பையன்கள் சிரித்துச் சறுக்கி விழுந்தார்கள்.

உதுமாலெவ்வை சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது அதைவிட மோசமான ஒரு சந்தோஷம்.

"மரைக்கார்," என்றார் என்னைப் பார்த்து, "எங்கட புள்ளய எங்களுக்கே கட்டி வைக்கப் பாக்கீங்களோ? இந்தத் தம்பி செல்றது உண்மையெண்டா இந்தக் கலியாணம் ஆகாது. பொய்யெண்டா, இவன் பொண்ணுக்குத் தம்பி இல்ல. எது?"

நான் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் தம்பியின் வாயால் வரவேண்டும். மரைக்காயர் முன்வந்து சொன்னால், அந்த வீட்டில் பதில் சொல்ல ஒரு பிள்ளை இல்லை என்று ஆகிவிடும். அதை என் தங்கையின் வாசலில், அவள் மகளின் கலியாணத்தில் நான் நடக்கவிடமாட்டேன். றிஸ்மியைப் பார்த்தேன்.  செம்பிலிருந்து தண்ணீர் பலகையில் சிந்தியது. என் முகத்தைக் கண்டதும் அவன் இன்னும் பயந்தான். விசும்பத் தொடங்கினான்.

"மாமா, கால் நோகுது" என்றார் அர்ஷாத், தோழனின் தோளைப் பிடித்து ஒற்றைக்காலில் ஆடியபடி.

"தூக்கினத இறக்காத! பின்னுக்கு வெச்சா வந்த வழி போற மாதிரி."

"முன்னுக்கு வைக்கட்டா?"

"பதில் வராம வைக்க ஏலா!"

"அப்ப நான் கொக்கா மாமா?"

திரும்பவும் சிரிப்பு. மேல்மாடி யன்னலில் திரை மூடிக்கொண்டது. சபியா உம்மா கதவடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போது சிறுமிகளின் நடுவிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது.

"அது என்ட குடி! அவன்ட குடி இல்ல! ஓடக்கரைக் குடி என்ட குடி!"

சிபானா. முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. என் மகன் முபாறக்கின் மனைவி ஜெனூபா ஓடக்கரைக் குடி. அவள் பெற்ற பிள்ளை ஓடக்கரைக் குடிதான். குடி என்னவென்று றிஸ்மிக்குப் பாடமாக்கும்போது, சிபானா தன் குடியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். என் காலடியிலேயே திரியும் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே குடி என்று நினைத்திருக்கிறாள். பிழை சொல்லவும் முடியாது. 'எங்கட புள்ள, எங்கட புள்ள' என்று அவளை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போனவன் நான்தானே.

உதுமாலெவ்வை அவளை நோக்கிக் குனிந்தார்.

"நீ ஆருட மகள்?"

"ஜெனூபாட மகள்."

"ஜெனூபாட உம்மா?"

"ஹபீபா."

"ஹபீபாட உம்மா?"

"பல்கீஸ் நாச்சி."

உதுமாலெவ்வையின் முகம் அப்படியே மாறிவிட்டது. "பல்கீஸ் நாச்சிட பேத்திட மகளா? அப்ப நீ எங்கட புள்ள! மாப்பிள்ளை உனக்கு மாமா முறை. எங்கட புள்ள என்னத்துக்குப் பொண்ணு ஊட்டுப் பக்கம் நிக்கிற? வா இஞ்சால!"

சிபானா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்ல முடியும்? அவர் சொன்னது முறை. நான் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்த அதே முறை. தலையை அசைத்தேன். அவள் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையைச் சுற்றிப் போய், மாப்பிள்ளை வீட்டார் பக்கம் நின்றாள். அங்கே ஆரவாரம். யாரோ அவளுடைய தலையில் ஒரு பூவைச் செருகினார்கள். என் பேத்தி என்னை எதிர்த்து நின்றாள்.

பிறகு அவள் இடுப்பில் கைவைத்து றிஸ்மியைப் பார்த்துச் சொன்னாள்:

"டேய் மாமா, அழாத. குடிட பேர உடு. நான் கேக்கிறதுக்குச் செல்லு. உன்ட உம்மா ஆரு?"

"றுகையா" என்றான் மெதுவாக.

"சத்தமா! காது கேளாதவங்களும் வந்திருக்காங்க!"

"றுகையா!"

"அவட உம்மா?"

றிஸ்மி செம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "செய்னம்பு நாச்சி!"

அது என் உம்மா. அவன் பிறக்க முன்பே மவுத்தானவர்.

"அவட உம்மா?"

"மரியங்கண்டு!"

கூட்டத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. கிழவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிபானாவுக்கே வியப்பு. அவளால் மூன்று தாய்க்கு மேல் போக முடியாது. இருந்தாலும் விடவில்லை.

"அவட உம்மா?"

"அவ்வாநாச்சி!" என்றான் றிஸ்மி. அவன் குரல் இப்போது நடுங்கவில்லை.

நான் திரும்பி றுகையாவைப் பார்த்தேன். பெண்களின் நடுவில் அவள் நின்றாள். கண் என்மேல் இருந்தது. உதுமாலெவ்வை றிஸ்மியின் பக்கம் குனிந்து கேட்டார்.

"இதெல்லாம் ஆரு மனே உனக்குச் செல்லித் தந்த?"

"ஒருத்தரும் சொல்லித் தரல்ல. வெள்ளி இரவு உம்மா யாசீன் ஓதி துஆ கேப்பா. எல்லாரிட பேரும் சொல்லிச் சொல்லிக் கேப்பா. நான் ஆமீன் சொல்வேன். அவ்வாநாச்சிதான் கடைசி. அதுக்குப் பிறகு சோறு."

"அதுக்குப் பிறகு சோறு" என்றதற்குத் தெரு சிரித்தது. இது வேறு சிரிப்பு. உதுமாலெவ்வையும் சிரித்தார். அவருக்குப் பல் இத்தனை இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அவ்வாநாச்சி பட்டுநாச்சி குடிட மூத்த கொடி," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "என்ட மூத்தவாப்பா அவவப் பத்திச் செல்லக் கேட்டிருக்கன். அவ வழியில வந்த புள்ளைக்கிட்ட இதுக்கு மேல ஒரு கேள்வியும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மரைக்கார், உங்கட ஊட்டுத் தம்பி நல்ல தம்பி. எங்கட குடியில இந்த வயசில இப்படிச் செல்ல ஒரு புள்ள இருக்கா எண்டு தெரியல்ல."

"நான் இருக்கன்!" என்றாள் சிபானா.

"மூணு தாயோட நிண்டிட்டியே!"

"அடுத்த கலியாணத்துக்குள்ள பாடமாக்கிடுவன்!"

"இப்பயாவது கால வைக்கட்டா?" என்று அர்ஷாத் கெஞ்சினார்.

"வைங்க மாப்பிள்ளை" என்றேன் நான். 

கால் பலகையில் பட்டது. அந்தக் கணத்துக்காகத்தான் காத்திருந்ததுபோல் துஷாந்தினி குரவையைத் தொடங்கினாள். சபியா உம்மா சேர்ந்தாள், றுகையா சேர்ந்தாள், பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்தார்கள். சிறுமிகள் பழகிய குரவை ஒன்றோடொன்று ஒட்டாமல் நாலா பக்கமும் சிதறியது. றபான் முழங்கியது. றிஸ்மி வலது காலைக் கழுவினான். தண்ணீர் குதிக்காலிலிருந்து விரலுக்குப் போனது. துணியால் ஒற்றினான், தேய்க்கவில்லை. அர்ஷாத் அவன் விரலில் மோதிரம் போட்டார். அது பெரிதாக இருந்ததால் பெருவிரலுக்கு மாற்றினார். றிஸ்மி பெருவிரலை நீட்டியபடியே மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மேல்மாடித் திரை மறுபடியும் விலகியிருந்தது.

உள்ளே போகும்போது நான் றுகையாவின் அருகில் நின்றேன்.

"அடுத்த வெள்ளி இரவு நீ இஞ்சதானே இருப்பாய்?"

"ஓம் காக்கா."

"நானும் வாறன். ஆமீன் செல்ல."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க. ஆனா அவன் உங்களுக்கு முன்னுக்குத்தான் இருப்பான்" என்றாள்.

நிக்காஹ் முடிந்து களரி தொடங்கியது. முதல் சஹன் மாப்பிள்ளை வீட்டாருக்கு. அவர்கள் கைக்குக் கிண்டியால் தண்ணீர் ஊற்றுவது பெண் வீட்டு மரைக்காயரின் வேலை. அதை வேறொருவரிடம் நான் விடுவதில்லை. தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, கிண்டியோடு முதல் சஹனுக்குப் போனேன். அர்ஷாத், அவருடைய தோழர்கள், உதுமாலெவ்வை. அவருக்குப் பக்கத்தில், தலையில் பூவோடு, கால் மடித்து நிமிர்ந்து அமர்ந்திருந்தாள் சிபானா.

உதுமாலெவ்வைக்கு ஊற்றினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "ஊத்துங்க மரைக்கார், எங்கட புள்ளைக்கும்" என்றார்.

சிபானா இரண்டு கையையும் நீட்டினாள். கண்ணில் குறும்பு வழிந்தது.

"மூத்தவாப்பா, வடிவா ஊத்துங்க. நாங்க மாப்பிள்ளை ஊட்டாக்கள்."

நான் முதுகை வளைக்கிறவன் அல்ல. ஆனால் விருந்தாளிக்குக் குனிந்துதான் ஊற்றவேண்டும், அது முறை. குனிந்து, அவளுடைய சின்னக் கைகள் இரண்டும் நனையும்படி வடிவாகவே ஊற்றினேன். துவாயை நீட்டினேன். பிறகு சஹனின் நடுவிலிருந்த பெரிய இறைச்சித் துண்டை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. "பெரிய மாமா! எங்கட குடிக்கு எங்க சஹன்?"

றிஸ்மி. எங்கள் ஆட்களோடு பாயில் குந்திக்கொண்டு, மோதிரம் போட்ட பெருவிரலை உயர்த்திப் பிடித்திருந்தான்.